டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸும் தொடர் ஃபோகஸும்: இராமநாதபுரம் கடற்கரையில் படம் எடுப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி எனக் கடலோரமாகப் பறவைகளையும் பாய்மரப் படகுகளையும், உள்ளே வந்தால் மாட்டுவண்டிப் பந்தயங்களையும் படம் எடுக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. லென்ஸ் ஃபோகஸைப் பிடிக்கிறது, பிறகு விட்டுவிடுகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா என்பதே அது. பெரும்பாலான சமயங்களில் கெட்டிருக்காது. அந்தப் பதிலை ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் விளக்கிச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது மேல் என்று தோன்றியது.

தொடர் ஃபோகஸ் நம்பகமாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கேமரா பொருளின் தூரத்தை ஓயாமல் அளந்து, லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடித் தொகுதியை நகர்த்திக்கொண்டே இருப்பதைத்தான் தொடர் ஃபோகஸ் என்கிறோம். நிக்கானிலும் சோனியிலும் அதன் பெயர் ஏஎஃப்-சி. கேனானின் பழைய கேமராக்களில் ஏஐ சர்வோ, புதியவற்றில் சர்வோ ஏஎஃப். கடையில் லென்ஸை மாட்டி, எதிர்ச் சுவரில் இருக்கும் நாட்காட்டியைக் குறிபார்த்து, "டக்கென்று பிடிக்குது பாருங்க" என்று காட்டுவது முதல் பிடிப்பை மட்டுமே. நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடப்பது.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் ஆலா என்ற கடற்பறவை ஒன்று காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்து, சட்டென்று சிறகை ஒடுக்கி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 படம் வீதம் மூன்று நொடி எடுத்தால் 30 படங்கள். ஒரு லென்ஸ் முதல் 15 படங்களைக் கண்ணைக் குத்தும் கூர்மையில் தந்துவிட்டு, விழத் தொடங்கியதும் பின்னால் உள்ள அலைக்கு ஓடிப் போய்க் கடைசிவரை திரும்பவே இல்லை. இன்னொன்று அங்கங்கே ஒன்றிரண்டு படங்களைக் கோட்டைவிடுகிறது, ஆனால் உடனே பறவைக்குத் திரும்பிவிடுகிறது. எண்ணிக்கையில் இரண்டும் நெருங்கி வரலாம். என் கணக்கில் நம்பகமானது இரண்டாவதுதான், ஏனென்றால் நாம் வெயிலில் நிற்பது ஆலா நிற்பதை எடுக்க அல்ல, விழுவதை எடுக்க.

டெலிஃபோட்டோ ஜூமில் மட்டும் இது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது?

முதல் காரணம் தெளிவு ஆழம், அதாவது பொருளுக்கு முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரத்தின் அளவு. முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில், 600 மி.மீ. குவிய நீளத்தில், எஃப்/6.3 திறப்பில் (எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும்), 20 மீட்டர் தொலைவில் உள்ள பொருளுக்குக் கிடைக்கும் தெளிவு ஆழம் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர்தான். அதே லென்ஸில் 10 மீட்டருக்கு வந்தால் 10 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். இப்போது, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி நேராக வரும் ஒன்று நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. நொடிக்கு 10 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 1.1 மீட்டர் முன்னால் வந்துவிடுகிறது. அதாவது 20 மீட்டரில் இருக்கும் தெளிவு ஆழத்தைப்போல இரண்டரை மடங்கு. ஆகவே கேமரா "இப்போது எங்கே இருக்கிறது" என்று பார்த்தால் போதாது. ஷட்டர் திறக்கும் கணத்தில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணித்து லென்ஸை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, வெளிச்சம். எஃப்/2.8 திறப்புள்ள, நீளம் மாறாத 400 மி.மீ. நிலை லென்ஸோடு ஒப்பிட்டால், எஃப்/6.3 ஜூம் கால் பங்குக்கும் குறைவான ஒளியைத்தான் ஃபோகஸ் உணரிகளுக்கு அனுப்புகிறது. மூன்றாவது, இன்றைய ஜூம்களில் பெரும்பாலானவை நீளத்தை மாற்றினால் ஃபோகஸ் தானாக அதே இடத்தில் நிற்கும் வகை அல்ல.

அப்படியானால் பொருளைத் தொடர்ந்துகொண்டிருக்கும்போது ஜூம் செய்யக் கூடாதா?

செய்யலாம், ஆனால் செய்யும் அந்த அரை நொடியில் வரும் படங்களை நம்பாதீர்கள். பறவை நெருங்கி வரும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே கொஞ்சம் அகலமாக வைத்துக்கொண்டு, பிறகு வீட்டில் வெட்டிக்கொள்வதே நல்லது.

பிழை லென்ஸுடையதா, கேமராவுடையதா?

இரண்டையும் பிரித்துப் பேச முடியாத அளவுக்கு அவை பின்னிக் கிடக்கின்றன. 1985இல் வந்த மினோல்டா 7000 ஃபோகஸ் மோட்டாரைக் கேமராவுக்குள் வைத்தது; 1987இல் கேனான் இஓஎஸ் வரிசை அதை லென்ஸுக்குள் கொண்டுபோனது. அன்றிலிருந்து அளப்பதும் கணிப்பதும் கேமராவின் வேலை, சொன்ன இடத்துக்கு ஓடிப் போய் நிற்பது லென்ஸின் வேலை என்று ஆகிவிட்டது. கணிப்பு சரியாக இருந்தும் மோட்டார் தாமதித்தால் எல்லாப் படங்களிலும் ஃபோகஸ் பொருளுக்குப் பின்னாலேயே விழும். கணிப்பே தவறென்றால் ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் என்று தாறுமாறாக விழும். தோல்வியுற்ற வரிசையை வரிசையாகவே பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல், ஒரே ஒரு மங்கலான படத்தைப் பெரிதாக்கிக் காட்டி "என்ன கோளாறு" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

வேறு நிறுவன லென்ஸ்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோனி கேமராக்களில் பிற நிறுவன லென்ஸ்களுக்குத் தொடர் படவேகம் நொடிக்கு 15 என்ற வரம்பு உண்டு. நம்முடைய வேலைக்கு 15 தாராளம் என்பது என் எண்ணம். ஆனால் நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவைக் கடன் வாங்கி வாங்கியவருக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும்.

தனுஷ்கோடியில் முற்பகலில் எடுத்த பூநாரைப் படங்கள் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. லென்ஸை சர்வீஸுக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். நான் அனுப்பியிருக்கிறேன்.

150–600 மி.மீ. ஜூம் ஒன்றை வாங்கிய முதல் குளிர்காலத்தில், கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, கல்யாண வேலை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பறவைகள் வெகு தூரத்தில் நின்றன; இடையில் முழுக்க வெறும் மணலும் உப்புப் படிந்த சேறும். நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். எல்லாவற்றிலும் பறவையின் கால் நெளிந்த கம்பியைப் போல இருந்தது. கூரியரில் வெளியூர் சர்வீஸுக்குப் போன லென்ஸ் மூன்று வாரம் கழித்து, பழுது ஏதும் இல்லை என்ற ஒரு சீட்டோடு திரும்பி வந்தது. ஆத்திரத்தோடு மறுநாள் விடியற்காலையில் அதே இடத்துக்குப் போய் எடுத்தபோது, வளைந்த அலகின் கறுப்பு நுனியில் தொங்கிய நீர்த்துளி வரை தெரிந்தது. அந்தக் கூரியர்ச் செலவு எனக்குக் கானலைப் பற்றிய பாடத்துக்கான கட்டணம்.

சூடேறிய மணல் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. வெப்பநிலை மாறுபடும் காற்றுத் திரள்கள் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. அருகில் உள்ள பொருளுக்கு இது ஒன்றும் செய்யாது. நூறு மீட்டருக்கு அப்பால், 600 மி.மீ. பெருக்கத்தில் பார்க்கும்போது படம் முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பதைப்போல நெளிகிறது. படம் மங்குவது ஒரு பக்கம். ஃபோகஸ் உணரியும் அந்த நெளியும் விளிம்பைத்தான் பார்க்கிறது என்பதால், ஒவ்வோர் அளவிலும் வேறு வேறு தூரத்தைப் பெற்று, லென்ஸை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அலைக்கழிக்கிறது. பார்ப்பவருக்கு அது மோட்டார் கோளாறு போலவே தோன்றும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர் அங்கே நிற்கிறதல்லவா? பவளக்கல்லில் கட்டிய அந்தச் சுவரில் அரித்துப்போன குழிகளும் விளிம்புகளும் நிறைய இருப்பதால் ஃபோகஸுக்கு அதைவிட நல்ல இலக்கு கிடைக்காது. முக்காலியில் வைத்து, நூறு மீட்டர் தள்ளி நின்று, கைமுறை ஃபோகஸில் நிலைப்படுத்திவிட்டு, ஃபோகஸைத் தொடாமல் பத்துப் படம் எடுங்கள். பத்தும் ஒன்றுபோல மங்கலாக இருந்தால் ஃபோகஸோ லென்ஸோ சரியில்லை. ஒரு படம் கூர்மையாகவும் அடுத்தது மங்கலாகவும், ஒரே படத்தில் சுவரின் ஒரு மூலை நேராகவும் இன்னொரு மூலை நெளிந்தும் இருந்தால் அது கானல். லென்ஸைப் பையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஏசி ஓடும் காரின் கண்ணாடியை இறக்கி அதன் வழியாக எடுப்பவர்கள் இதே கானலைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். உள்ளிருக்கும் குளிர்காற்றும் வெளியே உள்ள வெப்பக்காற்றும் லென்ஸின் முகத்துக்கு நேரே கலக்கின்றன. ஏசியையும் எஞ்சினையும் நிறுத்திவிட்டுச் சில நிமிடம் பொறுத்து எடுங்கள்.

வாங்குவதற்கு முன்னோ வாங்கியவுடனோ ஒரு லென்ஸை எப்படிச் சோதிப்பது?

முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை போகும் சாலை, இரு பக்கமும் கடலாக, நீண்ட தூரத்துக்கு நேராகக் கிடக்கிறது. சோதனைச் சாவடி திறந்தவுடன் போனால் கானல் இருக்காது, வாகனங்களும் ஒன்றிரண்டாகத்தான் வரும். சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நின்றுகொண்டு, நம்மை நோக்கி வரும் வேனையோ பேருந்தையோ எண் பலகையில் குறிவைத்துத் தொடர ஆரம்பியுங்கள். எண் பலகையை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அது தட்டையானது, கறுப்பெழுத்தும் வெளிர்ப் பின்னணியுமாக இருப்பது, கூர்மையா இல்லையா என்பதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள இடம் தராதது. முகப்புக் கண்ணாடியைக் குறிவைத்தால் அதில் தெரியும் மேகத்துக்கு ஃபோகஸ் போய்விடும்.

ஷட்டர் வேகம் 1/2000 நொடியாவது இருக்கட்டும். இல்லையென்றால் கை நடுக்கத்தை ஃபோகஸ் பிழை என்று எண்ணிவிடுவீர்கள். லென்ஸை அதன் முழுத் திறப்பிலேயே வையுங்கள். வாகனம் தொலைவில் இருக்கும்போது தொடங்கி, நம்மைக் கடக்கும்வரை விடாமல் எடுங்கள். ஒரே ஒரு வாகனத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்; ஐந்தாறு வாகனங்களாவது வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு வரிசையையும் முழு அளவில் பார்த்து, கூர்மை, ஏற்கலாம், தள்ளுபடி என்று மூன்றாகப் பிரித்து, தள்ளுபடியானவை வரிசையில் எந்த இடத்தில் விழுந்தன என்று ஒரு தாளில் குறியுங்கள். தொடக்கத்தில் மட்டும் விழுந்திருந்தால் கேமராவுக்குக் கணிக்க நேரம் தராமல் நீங்கள் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தியிருக்கிறீர்கள். கடைசி 15 மீட்டரில் மட்டும் விழுந்திருந்தால் அது மோட்டாரின் எல்லை. பெரும்பாலான ஜூம்கள் அங்கே தடுமாறும், அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. நடுவில், தூரமும் வேகமும் எளிதாக இருக்கும் இடத்தில் கொத்துக் கொத்தாக விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மாட்டுவண்டிப் பந்தயத்தில் தவறும் அதே லென்ஸ், காற்றாடிச் சறுக்கு விளையாட்டில் எப்படிக் கச்சிதமாக வேலை செய்கிறது?

திசைதான் காரணம். இராமேசுவரம் பக்கத்தில் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குபவர் நமக்குக் குறுக்கே போகிறார். கண்ணுக்கு வேகமாகத் தெரிந்தாலும் நம்மிடமிருந்து அவருடைய தூரம் அதிகம் மாறுவதில்லை. லென்ஸ் மோட்டாருக்கு அங்கே வேலையே குறைவு. பந்தய வண்டி நேரே நம்மை நோக்கி வருகிறது. அதோடு, முன்னால் ஓடும் ஆட்களும் பின்னால் விரட்டி வரும் இருசக்கர வாகனங்களும் கிளப்பும் புழுதி வேறு. பாய்மரப் படகுப் போட்டி இரண்டுக்கும் நடுவே. படகு மெதுவாகத்தான் வரும், ஆனால் வெள்ளைப் பாய் வெறுமையாகத் தட்டையாக இருப்பதால் அதன்மேல் ஃபோகஸ் புள்ளி விழுந்தால் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது. பாயில் உள்ள ஒட்டுத் தையலையோ, எதிர்ப்பக்கம் எடைக்காகச் சாய்ந்து நிற்கும் ஆட்களையோ குறிவையுங்கள்.

மாடு பிடிக்கும் எருதுகட்டு விளையாட்டில் ஆட்கள் குறுக்கே வரும்போதெல்லாம் ஃபோகஸ் அவர்கள்மேல் தாவிவிடுகிறதே?

இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. நிக்கானில் குறுக்கீடு வந்தால் எவ்வளவு பொறுத்திருக்க வேண்டும் என்பதை 1 முதல் 5 வரை வைக்கலாம். சோனியிலும் தொடர்தல் உணர்திறன் 1 முதல் 5 வரை உண்டு. கேனானில் சூழலுக்கேற்ப எண்ணிட்ட தேர்வுகள் உள்ளன. கூட்டத்துக்கு நடுவே ஓடும் மாட்டுக்குப் பொறுமையான பக்கம் வையுங்கள். ஆலாவுக்கும் அதே பொறுமை நல்லதுதான், பின்னால் அலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால். ஆனால் ஒரு பறவையை விட்டு இன்னொன்றுக்குச் சட்டென்று மாற விரும்பினால் அந்தப் பொறுமையே எரிச்சலூட்டும். நிக்கானில் 5 பொறுமை மிகுந்தது. சோனியில் 1தான் பொறுமை மிகுந்தது. கேமரா மாற்றியவர்கள் இந்த ஒரு தலைகீழால் ஒரு பொங்கலையே இழந்திருக்கிறார்கள்.

ஃபோகஸ் தூர வரம்புச் சுவிட்சை எப்போது பயன்படுத்துவது?

கடற்கரையில் எப்போதும். சோனி 200–600இல் 10 மீட்டர் முதல் முடிவிலி வரை, நிக்கான் இசட் 180–600இல் 6 மீட்டர் முதல், கேனான் ஆர்எஃப் 100–500இல் 3 மீட்டர் முதல் என்று வரம்பு வைக்கலாம். பறவையை இழந்தவுடன் லென்ஸ் மிக அருகில் உள்ள எல்லைவரை போய்த் தேடிவிட்டுத் திரும்பும் அந்த நீண்ட பயணம் மிச்சமாகும். மணலில் ஓடும் நண்டை எடுக்கக் குனியும்போது அதைத் திருப்பி வைக்க மறப்பவர்கள்தான் "கிட்டத்தில் ஃபோகஸே ஆகவில்லை" என்று கேட்கிறார்கள்.

அடிவானத்தில் வரிசையாக நிற்கும் பறவைகளையும் அலைகளையும் கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமரா பிடிக்க மறுப்பது ஏன்?

லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு ஃபோகஸை அளக்க, சென்சாரிலேயே பதித்த கட்ட ஒப்பீட்டு உணரிகள் பெரும்பாலான கேமராக்களில் செங்குத்துக் கோடுகளை நன்றாக அறியும், கிடைமட்டக் கோடுகளை அறிவதில் பலவீனமானவை. நம் கடற்கரையோ முழுக்கக் கிடைமட்டம்: அலை, கரை, அடிவானம், தூரத்து மணல்திட்டு. கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து ஃபோகஸ் கிடைத்ததும் நேராக்கினால் பல சமயம் தீர்ந்துவிடும். கேனான் ஆர்1, ஓஎம்-1 போன்ற சில கேமராக்கள் இரு திசைகளையும் அறியும் உணரிகளோடு வந்திருக்கின்றன.

பறவைக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியை எப்போதும் இயக்கத்தில் வைக்கலாம். தனிப் பறவைக்கு அது அருமையானது. நூறு பூநாரைகள் ஒரே நேரத்தில் தண்ணீரில் ஓடி எழும்பும்போது மட்டும் அது கண் கண்ணாகத் தாவும். அங்கே அதை அணைத்துவிட்டு, சிறிய பகுதி ஒன்றைத் தேர்ந்து முன்னணிப் பறவைமேல் வைத்துக்கொள்கிறேன்.

டெலிகன்வர்ட்டர் போடலாமா?

லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டிக் குவிய நீளத்தைக் கூட்டுவது அது. 1.4 மடங்குக் கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியைத் தின்னும், அதாவது பாதியாக்கும்; 2 மடங்கு இரண்டு ஸ்டாப். 1.4 போட்டால் எஃப்/5.6 லென்ஸ் எஃப்/8 ஆகிவிடும். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் அதற்குப் பிறகு நடுப்புள்ளி மட்டும் வேலை செய்யும், அல்லது எதுவும் செய்யாது. கண்ணாடியில்லாக் கேமராக்கள் எஃப்/10இலும் ஃபோகஸ் செய்யும், மெதுவாக. கேனான் ஆர்எஃப் 100–500இல் கன்வர்ட்டர் மாட்டினால் 300 மி.மீ.க்குக் கீழே ஜூமைக் குறைக்கவே முடியாது. சக்கரக்கோட்டை கண்மாயில் அசையாமல் நிற்கும் கூழைக்கடாவுக்குப் போடுங்கள். பறப்பதற்கு வேண்டாம்.

எந்த லென்ஸை வாங்குவது?

இந்தக் கரைக்கு நான் ஒன்றை முதன்மையாகப் பார்க்கிறேன்: ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளக் கூடாது. நீளும் குழல் பம்பைப்போலக் காற்றை இழுக்கும். இங்கே காற்று என்றால் நுண்மணலும் உப்பும். சோனி 200–600உம் நிக்கான் இசட் 180–600உம் நீளாதவை, இரண்டும் ஏறத்தாழ 2 கிலோ. கேனான் 100–500 நீளும், ஆனால் முக்காலிப் பிடி இல்லாமல் 1.37 கிலோதான் என்பதால் நாள் முழுக்கக் கையில் பிடித்து எடுப்பவருக்கு அதன் பலனே வேறு. கை சோர்ந்தால் எந்தத் தொடர் ஃபோகஸும் பொருளின்மேல் நிற்காது. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் நிக்கான் 200–500 எஃப்/5.6ஐப் பழையதாக வாங்கலாம். அதன் மோட்டார் நிதானமானது. படகுகளுக்குப் போதும், ஆலாவுக்குப் பொறுமை வேண்டும். 150–600 லென்ஸ்களை டிஎஸ்எல்ஆரில் பயன்படுத்துவோர், லென்ஸைக் கணினியோடு இணைத்து ஃபோகஸைத் திருத்த உதவும் சிக்மாவின் யுஎஸ்பி டாக் அல்லது டாம்ரானின் டாப்-இன் கருவி அந்த லென்ஸுக்குப் பொருந்துமா என்று பார்த்து, நுண்திருத்தத்தை ஜூமின் வெவ்வேறு நீளங்களில் தனித்தனியே செய்துகொள்ள வேண்டும்.

கடற்காற்றில் எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊதி மணலை அகற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் குழலைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடியும் துடையுங்கள். வரிசையை மாற்றினால் மணல் தேய்த்துவிடும். லென்ஸின் பின்புறத் தங்க நிறத் தொடர்புப் புள்ளிகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதை மறக்காதீர்கள்; அங்கே படியும் அழுக்கு, படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஃபோகஸ் நின்று நின்று வருவதற்கு ஒரு காரணம். ஏசி அறையிலிருந்து கரைக்குப் போகும்போது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவைத்தால் கண்ணாடியில் பனிக்காது.

பழைய லென்ஸ் வாங்கும்போது எதைக் கவனிப்பது?

தூர வரம்பை முழுமைக்கு வைத்து, அருகில் ஒன்று தூரத்தில் ஒன்று என மாறி மாறி இருபது முறை ஃபோகஸ் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒலியோடு, ஒரே வேகத்தில் போய் நிற்க வேண்டும். லென்ஸை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் பிடித்து அதையே திரும்பச் செய்யுங்கள், தேய்ந்த மோட்டார் மேல்நோக்கித் தூக்கும்போது திணறும். பிறகு காதருகே வைத்து ஜூம் வளையத்தை மெல்லச் சுழற்றுங்கள். நறநறவென்று மணல் அரையும் ஓசை கேட்டால், விலையை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.